நெட்டையன் சொல்லாத வரி

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த சுற்றறிக்கையை முப்பதார் மூன்றாம் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், டிரான்ஸ்ஃபரா?" என்றார் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். வண்டியைக் கழுவக் கொடுத்துவிட்டுப் பயிற்சி அறையில் டீ குடிக்க வந்திருந்தார்.

"இல்லப்பா. தேர்வுக்குப் புது மதிப்பெண் பட்டியல் அனுப்பியிருக்காங்க."

"அதுக்கா முகம் இப்படி இஞ்சி தின்ன மாதிரி ஆயிடுச்சு?"

முப்பதாருடைய நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. பத்தொன்பது வருடமாக ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி கொடுப்பவர். மூச்சும் பேச்சும் நின்று கிடக்கும் ஆளின் நெஞ்சை முப்பது தடவை அமுக்கி, இரண்டு தடவை வாயில் ஊத வேண்டும் என்பதை ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வார். பயிற்சிக்கு வந்த எவனோ ஒருவன் அவருக்கு 'முப்பதுக்கு ரெண்டு' என்று பெயர் வைத்தான். வயது ஏற ஏற அதில் மரியாதையும் ஏறி முப்பதார் ஆகிவிட்டது. கோபம் வந்தால் அவர் மனைவியே அப்படித்தான் கூப்பிடுவாள்.

தேர்வு நடத்துவதில் முப்பதாருக்கு ஒரு பெருமை இருந்தது. தலை நிமிராமல் மதிப்பெண் போடுவார். பொம்மையின் நெஞ்சைச் சரியான ஆழத்துக்கு அமுக்கினால் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டே தாளில் குறி போட்டுக்கொண்டு போவார். "காது இருக்கும்போது கண் எதுக்கு?" என்பார்.

இப்போது சிக்கல், பட்டியலின் முதல் வரியில் இருந்தது. பழைய பட்டியலில், உள்ளே நுழைந்ததும் 'இடம் பாதுகாப்பாக இருக்கிறது' என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், பிறகு என்னதான் பிரமாதமாகச் செய்தாலும் பெயில். புதுப் பட்டியலில், சுற்றிலும் ஒரு முறை கண்ணால் பார்த்தால் போதும், வாயால் சொல்ல வேண்டியதில்லை என்று போட்டிருந்தது.

"நல்லதுதானே சார்?" என்ற ஓட்டுநர், டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "அப்ப இந்தக் கணக்குப்படி அந்த நெட்டையன் பாஸ் ஆகியிருப்பான், இல்ல?" என்றார்.

அதைத்தான் முப்பதார் யாரும் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை. ஆம்புலன்ஸ் வேலைக்கான தேர்வுக்குப் பன்னிரண்டு பேர். பதினோரு பேர் நுழைந்த வேகத்தில் தொண்டை கிழிய அந்த வரியைக் கத்திவிட்டுப் பொம்மைமேல் பாய்ந்தார்கள். பன்னிரண்டாவதாக வந்த நெட்டையன் மட்டும் நின்றுவிட்டான். சத்தமே வராததால் முப்பதார் தலை நிமிர்ந்தார். மேசைமேல் அடுக்கியிருந்த கோப்புகளுக்கு மேலே அவனுடைய தலையும் தோளும்தான் தெரிந்தன. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சார், ஒரு விஷயம்..." என்றான்.

"எது சொன்னாலும் பொம்மைகிட்ட சொல்லுங்க. என்கிட்ட பேசினா மார்க் போயிடும்."

அவன் பொம்மையைத் தோளைப் பிடித்து அந்தப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தான். 'டிக் டிக்' என்று கடிகாரம் மாதிரி சத்தம். பத்தொன்பது வருடத்தில் அப்படி ஒரு தாளத்தை முப்பதார் கேட்டதில்லை. ஆனால் முதல் கட்டம் காலியாக இருந்ததே. பெயில் போட்டார். அது அவனுக்குக் கடைசி வாய்ப்பு.

முடிவைச் சொன்னதும் அவன், "சார், இந்த இடம்..." என்று ஆரம்பித்தான்.

"இடம், பொருள், ஏவல் எல்லாம் எனக்கும் தெரியும் தம்பி. பட்டியல் என்ன சொல்லுதோ அதுதான். அடுத்து யாரு?"

அடுத்து யாரும் இல்லை. ஆனாலும் அப்படிக் கேட்டார். அது இப்போது நினைத்தால் காதைச் சுட்டது.

"அவன் இப்ப எங்க இருக்கான்னு தெரியுமாப்பா?"

"பஸ் ஸ்டாண்ட் பின்னாடி மெத்தைக் கடையில இருக்கான் சார். போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடுங்க. ஒரு வார்த்தைதானே, என்ன கஷ்டம்?"

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முப்பதார் மறுநாள் மெத்தைக் கடைக்குப் போனார். வாசலிலேயே கால் நின்றுவிட்டது. உள்ளே நெட்டையன் ஒரு தம்பதிக்கு மெத்தையை அமுக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். முழங்கை மடங்கவில்லை. தோள் கைக்கு நேர் மேலே நின்றது. ஒரு கைமேல் இன்னொரு கை.

"பாருங்க மேடம், அஞ்சு சென்டிமீட்டர் அமுங்கும். கையை எடுத்தா முழுசா எழும்பணும். எழும்புது பாருங்க. அதுதான் நல்ல மெத்தை."

முப்பதார் அந்தக் கையையே பார்த்தார். இந்தக் கை ஒரு மனுஷன் நெஞ்சில் இருக்க வேண்டிய கை. பஞ்சை அமுக்கிக்கொண்டிருக்கிறது.

"அடடே, சார்! வாங்க வாங்க, நல்லா இருக்கீங்களா?" நெட்டையன் முகம் மலர ஓடிவந்தான். கொஞ்சமாவது முறைத்திருந்தால் முப்பதாருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவனோ நாற்காலியைத் துடைத்துப் போட்டான். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

முப்பதார் வாயைத் திறந்தார்.

அன்று சாயங்காலம் இரண்டு ஆட்கள் மூச்சிரைக்க மாடிப்படி ஏறி ஒரு புது மெத்தையை அவர் வீட்டில் போட்டுவிட்டுப் போனார்கள். காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த மனைவி மெத்தையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"மன்னிப்புக் கேட்கப் போறேன்னுதானே போனீங்க?"

"கேட்கத்தான் வாயைத் திறந்தேன்."

"திறந்து?"

"அதுக்குள்ள அவன் 'ஆறுக்கு நாலா, ஆறுக்கு அஞ்சா'ன்னு கேட்டுட்டான். அஞ்சுன்னு வந்துடுச்சு."

"நம்ம கட்டில் ஆறுக்கு நாலு!"

மெத்தை கட்டிலுக்கு வெளியே ஒரு அடி தொங்கியது. அந்தத் தொங்கலில்தான் முப்பதார் படுக்க வேண்டும் என்று முடிவானது. இரண்டு தடவை தரைக்கு வந்தார். மூன்றாவது தடவை மனைவியே எழுந்து உட்கார்ந்து, "நாளைக்கு இதை எடுத்துட்டுப் போய்க் குடுத்துட்டு, மனசுல இருக்கறதையும் அங்கயே இறக்கி வச்சிட்டு வாங்க. முழுங்காம பேசுங்க" என்றாள்.

மறுநாள் முப்பதார் வெறுங்கையோடு போனபோது கடையில் நெட்டையன் இல்லை, டெலிவரிக்குப் போயிருந்தான். அளவு டேப்பை மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு முதலாளி உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, மெத்தையில ஏதாவது குறையா?"

முழுங்காமல் பேச வேண்டும் என்று முப்பதார் முடிவுகட்டியிருந்தார். "மெத்தையில குறையே இல்லீங்க. உங்க ஆள் விஷயமாத்தான் வந்தேன். அந்தத் தம்பி இங்க இருக்க வேண்டிய ஆளே இல்லை."

முதலாளி டேப்பைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எனக்கும் ரொம்ப நாளா அந்தச் சந்தேகம் இருக்கு. சொல்லுங்க."

"ஐயோ, அப்படி இல்லீங்க. நான் சொல்ல வந்தது அவரோட கை. அந்தக் கை இருக்கு பாருங்க..."

"கை நீளமா?"

"நீளம்தான்! அதுதானே அவருக்கு வசதி!" என்றார் முப்பதார் உற்சாகமாக. சொன்ன பிறகுதான் முதலாளியின் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் சிவந்திருந்தது. "நான் திருட்டைச் சொல்லலீங்க! நிஜமாவே நீளமான கைன்னு சொன்னேன். ஆள் நெட்டைதானே, கையும்..."

"புரியுதுங்க. பெரிய மனுஷன், காட்டிக் குடுக்க உங்களுக்குக் கூச்சமா இருக்கு. நான் பாத்துக்கறேன்."

அன்றோடு நெட்டையன் கடையின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கக் கிடங்குக்குப் போனான். அமுக்கிக் காட்டும் வேலை போய் மெத்தை தூக்கும் வேலை வந்தது. ஓட்டுநர்தான் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார்.

"என்ன சார் பண்ணிவச்சீங்க? அவன் முதுகு வில்லு மாதிரி வளைஞ்சு போச்சு."

"வாய்தாம்ப்பா எனக்குச் சத்துரு. இனிமே பேசப் போறதில்லை. எழுதிடறேன்."

எழுதினார். தலைமை அலுவலகத்துக்கு இரண்டு பக்கக் கடிதம். புதுப் பட்டியலின்படி இன்னார் தேர்ச்சிக்கு உரியவர், ஒரு வரிக்காக அவரைத் தவறவிட்டது என் பிழை, அவருக்கு மறுதேர்வு வைக்க வேண்டும் என்று மன்றாடியிருந்தார். பத்தொன்பது வருடத்தில் 'என் பிழை' என்று அவர் எழுதியது அதுதான் முதல் தடவை. எழுதிவிட்டு நிமிர்ந்தபோது நெஞ்சு கொஞ்சம் லேசாக இருந்தது. நெட்டையனின் வீட்டு விலாசம் தெரியாததால் மெத்தைக் கடை விலாசத்தைக் கொடுத்தார்.

அலுவலகம் ஆச்சரியப்படும் அளவுக்கு வேகமாக வேலை செய்தது. பத்தே நாளில் மறுதேர்வு அழைப்பு மெத்தைக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. உறையைப் பிரித்தவர் முதலாளி.

மறுநாள் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். எட்டுத் தீயணைப்பு வீரர்கள் எட்டுப் பொம்மைகளின் நெஞ்சில் கை வைத்தபடி அப்படியே உறைந்தார்கள்.

"இங்க முப்பதுக்கு ரெண்டு யாரு?"

பதினாறு கண்களும் முப்பதார் பக்கம் திரும்பின.

"நான்தாம்மா. நீங்க?"

"உங்களால நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வேலை போச்சே, அந்த ஆளோட சம்சாரம். நேத்து இன்னொரு வேலையும் போச்சு. கைநீளக்காரன்னு பேரு, அது பத்தாதுன்னு, இங்க சம்பளம் வாங்கிக்கிட்டு வேற வேலை தேடறான்னு வெளிய அனுப்பிட்டாங்க. அவருக்கு இன்னும் ஏதாவது நல்லது பண்ணணும்னு மனசுல வச்சிருக்கீங்களா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க, நாங்க ஊரைவிட்டே போயிடறோம்."

வீரர் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொம்மையின் நெஞ்சைச் சும்மா நாலு அமுக்கு அமுக்கி மறைத்துக்கொண்டார்.

முப்பதார் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. அவரும் நின்றுகொண்டே, சுற்றறிக்கை, மெத்தை, கை, கடிதம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார்.

"அவரைத் தேர்வுக்கு மட்டும் வரச் சொல்லுங்கம்மா. ஒரே ஒரு தடவை. நான் பண்ணின தப்பை நானே சரி பண்ணிடறேன்."

"உங்களைத் திட்டணும்னுதான் வந்தேன். அவர் என்னடான்னா, 'சாரைத் திட்டாதே, அவர் கெட்டவர் இல்லை, நிமிர்ந்து பாக்கமாட்டார், அவ்வளவுதான்'னு சொல்லி அனுப்பறார்" என்றாள். போகும்போது, "வரச் சொல்றேன்" என்றாள்.

மறுதேர்வு அன்று முப்பதார் மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டார். நாற்காலியும் வேண்டாம் என்று நின்றார். தாளைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தார்.

நெட்டையன் உள்ளே வந்து நின்றான். தரை, சுவர், மேலே விட்டம் என்று நிதானமாகக் கண்ணை ஓட்டினான். பிறகு, தேவையில்லாவிட்டாலும், தெளிவாகச் சொன்னான்: "இடம் பாதுகாப்பாக இருக்கிறது."

முப்பதாருக்குக் கண் கலங்கியது. அப்புறம் நடந்ததெல்லாம் பாடம். தோளைத் தட்டினான், கூப்பிட்டுப் பார்த்தான், உதவிக்குக் குரல் கொடுத்தான், மூச்சு இருக்கிறதா என்று கவனித்தான். முப்பது அமுக்கு, இரண்டு ஊது. நான்கு வருடம் மெத்தையை அமுக்கிய கை ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. ஐந்து சுற்று முடிந்தபோது அவன் நெற்றியில் வியர்வை. முப்பதார் முகத்திலும் வியர்வைதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

முழு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டு, தாளைத் தானே எடுத்துக்கொண்டு எதிர் அறையிலிருந்த எழுத்தரிடம் ஓடினார்.

எழுத்தர் தாளைப் பார்த்தார். கோப்பைப் பார்த்தார். "தேர்ச்சி சரி சார். சான்றிதழ் குடுத்துடலாம். ஆனா வேலை குடுக்க முடியாது."

"ஏன்?"

"வயசு வரம்பு முப்பத்தஞ்சு. இவருக்கு முப்பத்தஞ்சு முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு."

"ரெண்டு மாசம்தானே?"

"பட்டியல் என்ன சொல்லுதோ அதுதானே சார்?" என்றார் எழுத்தர். குத்தலாகச் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் பேச வரும்.

முப்பதார் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது நெட்டையன் பொம்மைக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தான். அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான்.

"விடுங்க சார். எனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"கூப்பிட்டீங்களே சார். வராம இருந்தா நீங்க வருத்தப்படுவீங்க. அதோட, முதலாளி நேத்து போன் பண்ணினாரு. முன்பக்கத்துல மெத்தையை அமுக்கிக் காட்ட ஆள் சரியா அமையலையாம். நாளையிலேர்ந்து வரச் சொல்லிட்டாரு."

முப்பதார் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்று வாரமாகத் தொண்டையில் நின்ற அந்த ஒரு வார்த்தை அப்போதுதான் வெளியே வந்தது. "மன்னிச்சிடுங்க தம்பி."

"ஐயோ, என்ன சார் இது?"

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எல்லாத்தையும் இவ்வளவு சுத்தமா செய்யற ஆளு, அன்னிக்கு அந்த ஒரு வரியை ஏன் மறந்தீங்க?"

நெட்டையன் அவரிடமிருந்து சான்றிதழை வாங்கிக்கொண்டான். பிறகு சிரித்துக்கொண்டே, "அன்னிக்கு அதைச் சொல்ல வாய் வரலை சார்" என்றான். சான்றிதழை நான்காக மடிக்காமல், சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.

பயம்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் முப்பதார். பயந்த பிள்ளையிடம் ஒரு தடவை 'என்னப்பா?' என்று கேட்டிருக்கலாம். கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஜன்னல் வழியாக, அவன் தலை கூட்டத்துக்கு மேலே தனியாகத் தெரிந்து, பஸ் ஸ்டாண்ட் பக்கம் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

வாளியும் துடைப்பமுமாக, தரை துடைக்கும் அம்மா உள்ளே வந்தாள்.

"இப்ப இறங்கிப் போனது அந்த நெட்டைத் தம்பிதானே சார்? அடடா, தெரிஞ்சிருந்தா ஒரு டீயாவது வாங்கிக் குடுத்திருப்பேனே!"

"உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

"நல்லாக் கேட்டீங்க. ஆமா, அன்னிக்கு அவரை எதுக்கு சார் பெயில் பண்ணினீங்க?"

"ஒரு வரிம்மா. உள்ள வந்ததும் 'இடம் பாதுகாப்பா இருக்கு'ன்னு சொல்லணும். மத்த பதினோரு பேரும் சொன்னாங்க. அவர் சொல்லலை."

அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து அந்த அம்மா சிரித்தாள். முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"அன்னிக்குக் காலையிலேர்ந்து அந்த ஏசித் தண்ணி ஒழுகிட்டே இருந்துச்சு சார். சொல்லலாம்னு வந்தேன், பரீட்சை நடக்குது பேசக் கூடாதுன்னு கதவைச் சாத்திட்டீங்க. கீழ ஒரு ஒயரு தோலுரிஞ்சு கெடந்தது. தண்ணி அதுக்கு ஒரு ஜாண் கிட்ட வந்துடுச்சு. பரீட்சை முடிஞ்சதேன்னு நான் வெறுங்காலோட வாளியைத் தூக்கிட்டு உள்ள வரேன், அந்தத் தம்பிதான் கண்ணைத் துடைச்சுக்கிட்டே வந்து வாசல்ல என்னைத் தடுத்துச்சு. வராந்தாவுல இருக்கற மெயினையும் அணைச்சுது. நீங்கல்லாம் கரன்ட் போச்சுன்னு சாப்பிடப் போயிட்டீங்க."

முப்பதார் பக்கத்தில் எது இருக்கிறது என்று பார்க்காமல் உட்கார்ந்தார். பொம்மையின் நெஞ்சு 'டிக்' என்றது.

"அப்படி இருக்கறப்ப, அந்தப் பிள்ளை எப்படி சார் உங்ககிட்ட பொய் சொல்லும்?"